நட்டாலம் முதல் கோட்டாறு வரை: புனித தேவசகாயம் நடந்த வழியில்

கன்னியாகுமரி மாவட்டத்துக் காற்றாடிமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆரல்வாய்மொழியில் இறங்கி, மேலே ஏறி, மெழுகுதிரி கொளுத்தி, மணியடிச்சான் பாறையைத் தட்டி ஓசை கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்து கிறிஸ்தவரான புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தைப் பார்த்தாயிற்று என்ற நிறைவு அவர்களுக்கு. ஆனால் அவர் கைதானது 1749 பிப்ரவரி 23. சுடப்பட்டது 1752 ஜனவரி 14. மலையை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்கு நடுவில் கிடக்கும் ஏறக்குறைய மூன்று வருஷம் விட்டுப்போகிறது. மறைசாட்சியம் என்று, அதாவது விசுவாசத்துக்காகத் துன்பமும் சாவும் ஏற்பது என்று, திருச்சபை சொல்வது பெரும்பாலும் அந்த மூன்று வருஷத்தில்தான் நடந்தது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 13ஆம் அதிகாரம், 3ஆம் வசனம்: உடலையே எரிக்கக் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பயன் ஒன்றுமில்லை. சாவதால் மட்டும் ஒருவர் மறைசாட்சி ஆவதில்லை. எதற்காக, எந்த மனத்தோடு, யாரை வெறுக்காமல் செத்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். புனித அகுஸ்தினும் சாட்சியை உண்டாக்குவது தண்டனை அல்ல, அதன் காரணம் என்கிறார். சாவைத் தேடிப் போகிறவரைத் திருச்சபை மறைசாட்சி என்று ஏற்பதும் இல்லை. இந்த வசனத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒவ்வொரு இடத்திலும் அது வேறு மாதிரி கேட்கும்.

முழு வழியையும் பார்க்க இரண்டு நாள் வேண்டும். ஒரே நாளில் முடிப்பதாகச் சொல்லும் வேன் பயணங்கள் உண்டு. அவற்றில் பெருவிளையும் வடக்கன்குளமும்தான் முதலில் கழன்றுவிடும். தங்குவதற்கு நாகர்கோவில் வசதி, இரண்டு பக்கமும் போய்வர நடுவில் இருக்கிறது. திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்று விடுமுறை. வியாழன் மேற்கே, வெள்ளி கிழக்கே என்று வைத்துக்கொள்ளலாம். 1752இல் அந்த ஜனவரி 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை.

முதல் நாள் காலை நட்டாலம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊர், அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும். தேவசகாயம் 1712 ஏப்ரல் 23இல் நீலகண்டன் என்ற பெயரோடு பிறந்தது இங்கே. தாய் தேவகி அம்மை. தந்தை காயங்குளத்து வாசுதேவன் நம்பூதிரி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் பூசகர். தாய்வழி மரபுள்ள குடும்பம் என்பதால் பையனை வளர்த்தது தாய்மாமன். இந்த ஊரில் அதிக நேரம் தேவைப்படாது. ஒரு செபமாலை சொல்லிவிட்டுக் கிளம்பினால், வெயில் ஏறுமுன் தக்கலை வந்துவிடலாம்.

தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் இரண்டு கிலோமீட்டர்தான். அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசுடையது. மதியம் உணவு இடைவேளைக்குப் பூட்டிவிடுவார்கள், ஆகவே காலை நேரத்துக்குள் பார்த்து முடிப்பது நல்லது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். நீலகண்டன் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில், நீலகண்டசுவாமி கோவில் பொறுப்பிலும் இருந்தவர். அந்தக் குளிர்ந்த கருந்தரையையும் மரவேலைப்பாட்டையும் கண்ணால் பார்த்துவிட்டால், அவர் எதை விட்டு வந்தார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது உதயகிரிக் கோட்டை. தேசிய நெடுஞ்சாலை ஓரத்திலேயே, புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. இப்போது வனத்துறையின் பூங்கா, நுழைவுக் கட்டணம் உண்டு. மான், பறவைக் கூண்டு என்று பிள்ளைகளுக்கான இடமாகத் தோன்றும். அதைத் தாண்டி உள்ளே நடந்தால், சிதிலமான சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனித் தளபதி அவர். பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கி, 1777இல் இறந்தார். கல்லறைக் கல்லில் இலத்தீன் எழுத்தும் தமிழ் எழுத்தும் இருக்கின்றன. எழுத்து தேய்ந்திருப்பதால் உச்சி வெயிலில் ஒன்றும் புரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது படிக்கப் பாருங்கள். அதன்மேல் தண்ணீர் ஊற்றித் துடைப்பதும் சுண்ணாம்பு தேய்ப்பதும் கல்லைக் கெடுக்கும்.

மாடுகள் செத்து, பயிர் பொய்த்து, வீட்டில் துன்பம்மேல் துன்பம் வந்து நொந்துபோயிருந்த நீலகண்டனுக்கு டிலனாய் சொன்னது விவிலியத்தில் வரும் யோபின் கதை. ஆகவே இந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் யோபு நூலின் முதல் இரண்டு அதிகாரத்தையாவது வாசியுங்கள், பத்து நிமிஷம் ஆகாது. நல்லவனுக்கு ஏன் துன்பம் என்ற கேள்விக்கு யோபு நூல் நேரடியாகப் பதில் சொல்லுவதில்லை. டிலனாயும் சொல்லியிருக்க முடியாது. ஒரு போர்க்கைதி, தன்னைப் பிடித்தவர்களின் அரண்மனை ஊழியர் ஒருவரிடம் உட்கார்ந்து ஆறுதல் சொன்னான், அவ்வளவுதான். இந்தக் கதையில் முதல் அன்பு அங்கிருந்துதான் வருகிறது. கடைசியில் தேவசகாயத்தைச் சுட்டதும் டிலனாய் பயிற்சி கொடுத்த அதே அரசின் படைவீரர்கள் என்பதை நினைத்தால் அந்தக் கல்லறை முன்னால் சும்மா நிற்க முடியாது.

கோட்டையிலிருந்து முட்டிடிச்சான் பாறை அதிகத் தூரமில்லை. கைதானபின் தேவசகாயத்தை எருமையின்மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினார்கள். தாகத்துக்குக் கிடைத்தது தேங்கிய அழுக்குத் தண்ணீர். புலியூர்க்குறிச்சியில் அவர் முழந்தாளிட்டுச் செபித்து முழங்கையால் இடித்த பாறையில் தண்ணீர் பொங்கியது என்பது மக்கள் நம்பிக்கை. ஆலய வளாகத்துக்குள் அந்தத் துளை இன்றும் இருக்கிறது.

பெரிய சுனையை எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். சின்னத் துளைதான். ஐந்து லிட்டர் கேனை எடுத்துக்கொண்டு வருவது இந்த இடத்துக்கு ஒத்துவராது, பின்னால் நிற்பவரின் முறையையும் கெடுக்கும். ஒரு சின்னக் குப்பி போதும். துளைக்குள் கையை விடுவது, காசு போடுவது, மெழுகுதிரியைப் பாறையிலேயே ஒட்டுவது மூன்றும் வேண்டாம். மெழுகு வழிந்து துளையில் இறங்கினால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. வீட்டுக்குக் கொண்டுபோகும் நீரை வாரக்கணக்கில் வைத்துக் குடிப்பதையும் தவிர்க்கலாம், அது காய்ச்சாத நீர். நோயாளிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் நெற்றியில் தொட்டு வைத்துச் செபித்தால் போதும். இங்கே வாசிக்க யோவான் 19:28, “தாகமாய் இருக்கிறது” என்ற வசனம்.

மாலையில் நாகர்கோவில் திரும்பும்போது பெருவிளை. நகரத்தை ஒட்டிய இந்த ஊரைப் பலருக்குத் தெரியாது. வழி முழுக்க ஒரே ஒரு இடத்தில்தான் நிதானமாக உட்கார நேரம் இருக்கிறது என்றால், நாங்கள் சொல்வது மலையை அல்ல, பெருவிளையை. ஆராச்சார்கள் வாழ்ந்த ஊர் இது. மரண தண்டனையை நிறைவேற்றுகிறவர்களுக்குத் திருவிதாங்கூரில் அந்தப் பெயர். தேவசகாயத்தை அவர்கள் காவலில், வேப்பமரத்தில் கட்டிப்போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். வெயில், மழை எல்லாம் அந்த மரத்தடியில்தான். பார்க்க வந்தவர்களுக்கு அவர் செபித்து வேப்பிலை கொடுத்தார், நோய் தீர்ந்தது, கூட்டம் பெருகியது என்கிறது மரபு. பிள்ளையில்லாத ஆராச்சார் வீட்டுக்கே அவர் செபத்தால் பிள்ளை பிறந்தது என்றும் ஊரில் சொல்லுவார்கள்.

தன்னைக் கொல்லப் போகிறவன் வீட்டுக்குத் தொட்டில் வேண்டிச் செபிப்பது லேசான காரியமில்லை. புண்ணில் மிளகாய் பட்டவர் அவர். மத்தேயு 5:44 இங்கே வாசிக்க வேண்டிய வசனம், பகைவரிடம் அன்பு கூருங்கள் என்பது. வாசித்துவிட்டு உடனே கிளம்பாமல், உங்களுக்குத் தீங்கு செய்த ஒருவரின் பெயரை மனத்தில் எடுத்து அவர் பிள்ளைகளுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லிப் பாருங்கள். பெயர் வாய்க்கு வர மறுக்கும். மலையேறுவதற்கு முந்தின நாளே இதைச் செய்துவிட்டால், மறுநாள் அங்கே நடந்தது புரியத் தொடங்கும். குழுவாகப் போகிறவர்கள் இந்த இடத்தில் பாட்டுப் பெட்டியை அணைத்துவிடுவது நல்லது.

இரண்டாம் நாள் விடிகாலை வடக்கன்குளம். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி தாண்டி, காவல்கிணறு வழியாகப் போக வேண்டும். திருநெல்வேலி மாவட்டம். காலை ஏழு மணிக்குள் போனால் பங்கில் திருப்பலி இருக்கிறதா என்று கேட்டுக் கலந்துகொள்ளலாம், முந்தின நாள் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கேதான் 1745 மே 14இல் இயேசு சபைக் குரு ஜொவான்னி பத்தீஸ்தா புத்தாரி, நம் மக்கள் அழைத்த பெயரில் பரஞ்சோதிநாதர், நீலகண்டனுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். லாசர் என்ற விவிலியப் பெயரின் பொருளைத் தமிழாக்கி தேவசகாயம் என்று வைத்தார். அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் இறந்தபின் அந்த அம்மாள் இந்த ஊரிலேயே இருந்து 1766இல் இறந்தார், அடக்கமும் இங்கேதான். தேவசகாயத்தின் யாத்திரை என்று வருகிறவர்கள் ஞானப்பூ அம்மாளை நினைக்காமல் போய்விடுகிறார்கள். கணவர் கைதாகி, கொலையாகி, பதினான்கு வருஷம் தனியாக அதே விசுவாசத்தில் நின்றவர் அவர். அவருக்கு ஒரு செபம் சொல்லுங்கள்.

வடக்கன்குளத்துக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது, அதை மூடி மறைத்துவிட்டு யாத்திரை போவதில் பொருளில்லை. 1872இல் இந்த ஊரில் கட்டிய கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு காலாகப் பிரிந்திருந்தது. நடுவில் சுவர். சாதி வாரியாக ஒரு பக்கத்தார் ஒரு காலில், மற்றவர்கள் மறு காலில், பீடம் மட்டும் பொது. 1910இல் அந்தச் சுவரை இடித்தார்கள். ஒரு தரப்பு வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. தேவசகாயம் மேல்சாதி அரண்மனை அதிகாரியாக இருந்தும் ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகியதும், எல்லாரும் சமம் என்று சொன்னதும்தான் பலரின் கோபத்தைக் கிளப்பியது. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே, அவர் இறந்து நூற்றிருபது வருஷத்துக்குப் பின்னால், கிறிஸ்தவர்களே சுவர் எழுப்பினார்கள். மன்னரைத் திட்டுவதற்கு இந்த யாத்திரையைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த ஊரில் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். புனிதர் பட்டத்துக்கான வேலை நடந்தபோது வத்திக்கான் ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டத்தை நீக்கிவிட்டது. பழைய பலகைகளில் இன்னும் இருக்கும். செபப் புத்தகமோ பதாகையோ அச்சடிக்கிறவர்கள் ‘புனித தேவசகாயம்’ என்று மட்டும் போட வேண்டும்.

குற்றச்சாட்டு என்ன என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. அரச துரோகம், இரகசியங்களை வெளியாருக்குச் சொன்னார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்டது. இதை வைத்து, மதத்துக்காகக் கொல்லப்படவில்லை என்று வாதிடுகிற வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அவர் இறந்து நான்கே வருஷத்தில், 1756இல், கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையிலேயே இவருடைய சாவு விசுவாசத்துக்கான சாவாகப் பதிவாகியிருக்கிறது. மலையில் பக்கத்தில் நிற்கிற யாராவது கேட்டால் சண்டை போடாமல் இவ்வளவையும் சொல்லலாம்.

இனி காற்றாடிமலை. வடக்கன்குளத்திலிருந்து திரும்பும் வழியில்தான் ஆரல்வாய்மொழி வருகிறது. நேராக நாகர்கோவிலிலிருந்து வருகிறவர்கள் வடசேரி பேருந்து நிலையத்தில் திருநெல்வேலி வண்டி ஏறலாம். ‘ஆரல் நிற்குமா’ என்று நடத்துநரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், இடைநில்லா வண்டிகள் நிற்காது. இரயில் நிலையமும் உண்டு. அங்கிருந்து தேவசகாயம் மவுண்ட் என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம். முதலில் அங்கே சென்று செபித்துவிட்டு மேலே போவது முறை.

மலை என்று பெயர், ஆனால் பெரிய ஏற்றமில்லை. சிரமம் வெயிலும் காற்றும்தான். பதினொரு மணிக்குமேல் பாறை சுடும். வெறுங்காலோடு நேர்ச்சை ஏறுகிறவர்கள் ஒன்பதுக்குள் ஏறிவிட வேண்டும், இல்லையென்றால் நான்கரைக்குமேல். சர்க்கரை நோய் இருப்பவர்கள் வெறுங்காலோடு ஏற வேண்டாம், உள்ளங்காலில் கொப்புளம் வந்தாலும் உடனே தெரியாது. ஆரல்வாய்மொழி ஒரு கணவாய். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குக் காற்று இதற்குள் புகுந்து அடிக்கும், சுற்றிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் திறந்த வெளியில் மெழுகுதிரி நிற்காது. தீப்பெட்டி ஒன்று முழுதாகத் தீர்ந்தாலும் ஒரு திரி எரியாது. கண்ணாடிக் குடுவைக்குள் வைத்த திரி கொண்டுவாருங்கள், இல்லையேல் கீழே ஆலயத்திலேயே ஏற்றிவிடுங்கள். காற்றில் அணைந்ததை அபசகுனமாக எடுத்துக்கொண்டு கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் ஆடிக்காற்று. பெண்கள் முக்காட்டுக்கு ஊக்கு குத்திக்கொள்ளலாம், பாட்டுத் தாள்களைத் தனித்தனியாகக் கொடுக்காமல் தைத்த புத்தகமாகக் கொடுங்கள்.

மேலே, அவர் கடைசியாக முழந்தாளிட்ட பாறையை மக்கள் தொட்டு முத்தமிடுவார்கள். முழங்காலும் முழங்கையும் பதிந்த தடம் என்று காட்டுவார்கள். மணியடிச்சான் பாறை, அவர் இறந்தபோது மணிபோல ஒலித்ததாக மக்கள் சொல்வது. சிறு கல்லால் மெதுவாகத் தட்டினாலே ஓசை வரும். ஓங்கி அடித்தால் ஓசை கூடுவதில்லை, பாறைதான் பொத்துப்போகும்.

இதையெல்லாம்விட அவர் சுடப்பட்ட இரவைப் பற்றி மக்கள் சொல்லிவருவது ஒன்று உண்டு. வீரர்கள் சுட்டார்கள், துப்பாக்கி வெடிக்கவில்லை. தேவசகாயம் அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். ஓடவில்லை, திருப்பிப் பிடிக்கவில்லை, உடைக்கவுமில்லை. ஆசீர்வதித்துத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் ஐந்து குண்டு. இது சாகத் துடித்தவரின் செயல் என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். மூன்று வருஷம் காவலில் இருந்தபோது அவர் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளவும் இல்லை, யாரையும் சீண்டிக் கொல்லவைக்கவும் இல்லை. எதிரே நின்றவர்கள் கட்டளைக்குக் கட்டுப்பட்ட சாதாரணச் சேவகர்கள். வெடிக்காத துப்பாக்கியோடு திரும்பிப் போனால் அவர்கள் கதி என்ன? பெருவிளையில் ஆராச்சாரின் வீட்டுக்காகச் செபித்தவரின் கை, இங்கே சேவகர்களின் ஆயுதத்தின்மேலும் அதே மாதிரி போயிருக்கிறது. திருத்தூதர் பணிகள் 7:54 முதல் 60வரை, ஸ்தேவான் கல்லெறியுண்டு சாகும் பகுதியை இங்கே ஒருவர் உரக்க வாசிக்கட்டும். கையில் எழுதி வைத்திருக்கும் கொரிந்தியர் வசனத்தை அதற்குப் பின் வாசியுங்கள்.

உடலை அடிவாரக் காட்டில் எறிந்துவிட்டார்கள். சில நாள் கழித்துத்தான் கிறிஸ்தவர்கள் எஞ்சியதைத் தேடி எடுத்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். ஆகவே யாத்திரை முடிவதும் கோட்டாற்றில். நாகர்கோவில் நகருக்குள்ளேயே இருக்கிறது. கல்லறை முன் மண்டியிட்டுக் காணிக்கை செலுத்திச் செபிக்கலாம். திருப்பலி நடக்கும்போது பீடத்துப் பக்கம் கூட்டமாகப் போய் நிற்காமல், முடிந்தபின் போங்கள். குழுவோடு குருவானவர் வந்தால், திருப்பலி வைக்க முன்கூட்டியே பேராலய அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும், அவருடைய அடையாள அட்டையையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம், 2022 மே 15இல் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் கையால் புனிதர் பட்டம். மனைவி, வேலை, நிலபுலம் என்று வாழ்ந்த குடும்பஸ்தர் ஒருவர். இந்தியாவின் பொதுநிலையினருக்கு, அதாவது குருவோ துறவியோ அல்லாத சாதாரண விசுவாசிகளுக்கு, அவரையே பாதுகாவலராகவும் தந்திருக்கிறார்கள்.

எப்போது வரலாம் என்றால், ஜனவரி 14 அவருடைய திருநாள். பொங்கலோடு சேர்ந்து வருவதால் பேருந்தும் இரயிலும் நிரம்பி வழியும், நாகர்கோவிலில் அறை கிடைக்காது. அன்றைக்கே வர வேண்டும் என்பவர்கள் இரயில் முன்பதிவு திறக்கும் நாளிலேயே போட்டுவிட வேண்டும். டிசம்பர் 3ஐ ஒட்டிய பத்து நாள் கோட்டாறு சவேரியார் திருவிழா, அதுவும் தேர்க் கூட்டம். தனியாகச் செபிக்க விரும்புகிறவர்களுக்கு பிப்ரவரி நல்ல மாதம். காற்றும் அடங்கியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, அவர் கைதான 23ஆம் தேதியும் அதில் வருகிறது. அன்று பெருவிளையில் தொடங்கி மறுநாள் மலைக்குப் போகலாம்.

ஊர் திரும்ப நாகர்கோவில் சந்திப்பு இரயில் நிலையம் கோட்டாறிலேயே இருக்கிறது. சில வண்டிகள் அங்கே வராமல் டவுன் நிலையம் வழியாகப் போகும், பயணச்சீட்டில் எந்த நிலையம் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள்.